ஷிஃபுவுக்குச் சொல்ல வேண்டாம்

செய்தி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸில். எளாவூர் தாண்டிய இடத்தில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன, பஸ் நகரவில்லை. நிற்கிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாத காரியம். காலை ஆட்டிக்கொண்டே போனைத் திறந்தேன். ஷிஃபுவின் அக்காவிடமிருந்து சீனத்தில் ஒரு நீளமான செய்தி.

ஷிஃபு யார் என்று சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கும் ஆலை ஒன்றில் நான் சீன மொழிபெயர்ப்பாளர். புதிதாக வந்து இறங்கிய ஆறு இயந்திரங்களைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, எங்கள் ஆட்களைப் பழக்கிவிட்டுப் போக சீனாவிலிருந்து வந்தவர் அவர். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு. ஷிஃபு என்பது அவர் பெயர் இல்லை. தொழில் தெரிந்த மூத்தவரை அங்கே மரியாதையாக அப்படிக் கூப்பிடுவார்கள்; நம்மூரில் மேஸ்திரி என்கிறோமே, கிட்டத்தட்ட அது. நான் ஒரு தடவை கூப்பிட்டேன், ஆலை முழுக்க ஒட்டிக்கொண்டது. எங்கள் ஆட்கள் போதாததற்கு ஒரு சாரையும் சேர்த்து 'ஷிஃபு சார்' ஆக்கிவிட்டார்கள்.

அக்காவின் செய்தி வழக்கம்போல மரியாதையில் ஆரம்பித்தது. காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டிருந்தார். வேலைக்குப் போகிற நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கச் சொல்லியிருந்தார். என் தம்பியால் உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று இன்னொரு வரி. முதல் மாதம் ஷிஃபுவுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியபோது வீடியோவில் இந்த அக்காவிடம் நான்தான் பேசினேன், அன்றிலிருந்து பழக்கம். ஏதோ மருந்து விஷயமாக இருக்கும் என்று படித்துக்கொண்டே வந்தேன். ஐந்தாவது வரியில், அம்மா இன்று காலை காலமாகிவிட்டார் என்று இருந்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

அதற்குக் கீழேதான் முக்கியமான சங்கதி. தம்பிக்குச் சொல்ல வேண்டாம். வேலை முடிந்து அவன் திரும்ப இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இப்போது சொன்னால் உடனே கிளம்புவான். மூன்று விமானம் மாற வேண்டும். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் விமான நிலைய நாற்காலிகளில் தனியாக உட்கார்ந்து அழுவான். எப்படியும் அடக்கத்துக்கு வந்து சேர முடியாது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகு நாங்களே சொல்லிக்கொள்கிறோம், அப்போது தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும். அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி ஒரு மன்னிப்பு.

சீனத்தில் துக்கம் விசாரிக்க ஒரு சொற்றொடர் உண்டு. துயரத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள் என்பது போலப் பொருள் வரும். நான் படித்த மாலை வகுப்பில் அது பரீட்சைக்கே வந்திருக்கிறது. எழுத்துப் பிழையில்லாமல் அடித்து அனுப்பினேன். அனுப்பியதும், சரியாக எழுதிவிட்டோமே என்று ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே வெறுப்பு வருகிறது. கையோடு, சொல்ல மாட்டேன், கவலைப்படாதீர்கள் என்றும் எழுதிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. பெரியவர் ஒருவர் இவ்வளவு பணிவாகக் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எனக்கு மூன்று மொழியிலும் தெரியாது.

பஸ் நகர்ந்தது. ஆலைக்குள் நுழைந்தால், நேராக எதிரே ஷிஃபு. மூன்றாம் நம்பர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டி, "குட் மார்னிங், டீச்சர்" என்றார்.

டீச்சர் நான்தான். எங்கள் இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடக்கும். அவர் எனக்குப் புத்தகத்தில் இல்லாத சீனம் சொல்லித் தருவார். நான் அவருக்கு ஆங்கிலம். ஆரம்பித்து வைத்தவர் எங்கள் மனிதவள மேனேஜர். ஷிஃபு வந்த புதிதில் அவரிடம் இருந்த ஆங்கிலம் நாலே சொல்: கம், கிவ், ஸ்டாப், நோ குட். ப்ளீஸ் சொல்லாமல் ஆட்களை வேலை வாங்குகிறார், கொஞ்சம் நாகரிகம் சொல்லிக்கொடுங்கள் என்றார் மேனேஜர். எங்கள் ஆட்கள் யாரும் அதைப் பற்றி முறையிடவில்லை. அவர்கள் வீட்டில் யார் யாருக்கு ப்ளீஸ் சொல்கிறார்களாம்?

ஷிஃபுவுக்கும் ஆங்கிலம் வேண்டியிருந்தது. மாதக் கடைசியில் அவருடைய கம்பெனி வீடியோவில் ஒரு வாய்மொழித் தேர்வு வைக்கும். தேறிவிட்டால் சொந்த ஊர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டு ஆலைகளுக்குப் போனில் வழி சொல்லும் வேலை கிடைக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. அம்மாவுக்கு எண்பத்தொரு வயது, இனிமேலாவது பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த வயதில் ஏ பி சி டி என்று முதல் நாளே சொன்னார்.

பாடம் என்று பேர், பாதி நேரம் சண்டைதான். அவருக்குத் தேங்க் யூ பிடிக்காது. ஒரே மேசையில் சாப்பிடுகிற ஆளுக்கு எதற்கு நன்றி என்பார். நான் அவரோடு சீனம் பேச ஆரம்பித்த காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தால் நன்றி, கதவைத் திறந்துவிட்டால் நன்றி. இரண்டாவது வாரம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நான் என்ன தப்பு செய்தேன், ஏன் என்னை இவ்வளவு தள்ளி வைக்கிறாய் என்று கேட்டார். நான் ஆடிப்போய்விட்டேன். அப்புறம் என் அம்மா கதையைச் சொன்னேன். கல்லூரியில் நாகரிகமாகப் பேச ஒரு வகுப்பு வைத்தார்கள். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவள், அம்மா குழம்பு ஊற்றும்போது தேங்க்ஸ்மா என்றேன். அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு, "இன்னாடி, ஓட்டல்ல குந்திக்கினு சாப்புடுறதா நெனப்பா?" என்றாள். இதைக் கேட்டு ஷிஃபு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உன் அம்மா சீனாக்காரி என்றார்.

வேண்டாம் என்பதிலும் இதே கூத்து. கிறிஸ்துமஸ் முடிந்து வந்த அன்று வீட்டு முறுக்கை அவரிடம் நீட்டினேன். வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினேன், கையை ஆட்டினார். ஆங்கிலம் படித்த மூளை எனக்கு. வேண்டாம் என்றால் வேண்டாம்தானே என்று டப்பாவை மூடிவிட்டேன். நாலாம் நம்பர் இயந்திரத்தில் ஒரு அக்கா வேலை செய்கிறாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஆரம்பாக்கத்தில் என்னோடு பஸ் ஏறுகிறவள். சீனத்தில் ஒரு சொல் தெரியாது. அவள் வந்து டப்பாவைப் பிடுங்கி, மூன்றாவது தடவையும் நீட்டி, நாலாவது தடவை அவர் கையிலேயே திணித்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பத்து முறுக்கு தின்றார். "பாவம் அந்த ஆளு, நீ கேக்குற கேள்விக்கு எவன் வாங்குவான்?" என்று என்னைத் திட்டினாள் அக்கா. எட்டு வருஷம் மொழி படித்தவள் தோற்றேன், ஒரு நாளும் படிக்காதவள் ஜெயித்தாள்.

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகப் போன பாடம், அந்தத் திங்கட்கிழமையிலிருந்து எனக்கு நரகம் ஆயிற்று. அவர் ஒவ்வொரு வாக்கியமாகத் திக்கித் திக்கிச் சொல்லும்போது, யாருக்காக இந்தப் பாடு படுகிறாரோ அந்த அம்மா இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சரியாகச் சொன்னால் நான் வெரி குட் என்பேன். அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும்.

தினமும் ஒரு மணிக்கு, பாடம் முடிந்ததும், வீட்டுக்கு வீடியோவில் பேசுவார். அங்கே அப்போது மூன்றரை. அக்கா போனை அம்மாவிடம் காட்டுவார், அம்மா இரண்டு வார்த்தை பேசுவார். அவர் பேச ஆரம்பித்தால் மரியாதைக்காக நான் எழுந்து போய்விடுவது வழக்கம். அந்த வாரம் கோழைத்தனத்துக்காக எழுந்து போனேன். திங்கட்கிழமை, அம்மா பக்கத்து ஊருக்கு உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அக்கா சொன்னாராம். செவ்வாய்க்கிழமை, இன்னும் வரவில்லை. புதன்கிழமை, வந்துவிட்டாள், ஆனால் தொண்டை கட்டிக்கொண்டு பேச முடியவில்லை. ஒவ்வொன்றையும் அவர் என்னிடம் வந்து சொன்னார். வயதான காலத்தில் ஊர் சுற்றினால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும் என்று அம்மாவைச் செல்லமாகக் கடிந்துகொண்டார். நான் தலையை ஆட்டினேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், நானும் இப்படி ஒரு பொய்யில் பயணம் செய்தவள். அப்பா இறந்தபோது நான் சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். சித்தப்பா போன் செய்து, "நைனாவுக்குக் கொஞ்சம் சீரியஸா கீதுமா, கெளம்பி வா" என்றார். நம் பக்கத்தில் யாரும் செத்துவிட்டார் என்று போனில் சொல்ல மாட்டார்கள். சொல்வது மரியாதை இல்லை. சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினேன். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஆண்டவரிடம் ஒரு பேரம். அப்பா பிழைத்தால் எனக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிடுகிறேன் என்று எண்ணூரில் சொன்னேன், மீஞ்சூரில் இன்னொன்றை. பொன்னேரி வந்தபோது என்னிடம் கொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. ஆரம்பாக்கத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியோடு நின்றிருந்தார்; என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் தெருமுனையில் ஷாமியானா பந்தல் போட்டிருந்தது. அப்பா காலையிலேயே போய்விட்டார். நான் ரயிலில் கெஞ்சிய இரண்டு மணி நேரமும் வீண். அழுகையைவிட எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சித்தப்பாவிடம் ஒரு வருஷம் நான் சரியாகப் பேசவில்லை.

ஆனால் ஷிஃபுவின் அக்கா எழுதியதையும் என்னால் தள்ள முடியவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ரயிலில் தனியாக உட்கார்ந்து வர என்னால் முடிந்திருக்குமா? தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று காலையில் ஒரு முடிவு எடுப்பேன், கூடாது என்று பத்து மணிக்கு மாற்றுவேன். அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போனேன். நகம் கடித்துக் கடித்து விரல் எரிந்தது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அம்மா எனக்கு வயிறு சரியில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் நாலாம் நம்பர் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கே காத்திருந்தவள் போல நான் கொட்டிவிட்டேன். ஷிஃபுவோட அம்மா செத்துட்டாங்கக்கா, திங்கக்கெழமையே, இவ்வளவு தூரத்தில இருந்துக்கினு அவரால போகக்கூட முடியல என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வந்தது. பாரத்தை இறக்கி வைத்த நிம்மதி.

வியாழக்கிழமை ஆலையில் ஏதோ மாறியிருந்தது. எப்போதும் ஓடுகிற ரேடியோ ஓடவில்லை. வார்ப்புப் பிரிவுப் பையன்கள் சத்தமாகச் சிரிக்கவில்லை. ஷிஃபு ஒரு அச்சைத் தூக்கப் போனால் நாலு பேர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக அவரிடம் போய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பினார்கள். செக்யூரிட்டி அண்ணன்கூட வந்து பிடித்தார். அக்கா வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இட்லியை நாஷ்டாவுக்கு அவர் முன்னால் வைத்தாள்.

மதியம் ஷிஃபு என்னிடம் கேட்டார். "ஏன் எல்லோரும் என் கையைப் பிடிக்கிறார்கள்?"

நீங்கள் சீக்கிரம் ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, அந்தப் பாசம் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட மாதிரி நானும் எதையும் பார்க்க விரும்பவில்லை போல. அவர் சந்தோஷப்பட்டார். சீனாவில் வேலை முடித்துக் கிளம்பும்போது விருந்து வைப்பார்கள், கையை இவ்வளவு நேரம் பிடித்துக்கொள்வது அழகாக இருக்கிறது என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வார்ப்புப் பிரிவு சூப்பர்வைசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முப்பது வயது, நல்ல மாதிரி. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கறுப்புப் பின்னணி, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி எரிகிறது, மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. அதன் கீழே, எங்கள் ஷிஃபு அவர்களின் அன்புத் தாயார். நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு வெற்றிடம். வருந்தும் வார்ப்புப் பிரிவு தொழிலாளர்கள் என்று கடைசியில்.

அம்மாவோட பேரும் போட்டோவும் மட்டும் வாங்கிக் கொடுங்க மேடம், ஃப்ளெக்ஸ் கடையில் மூணு மணிக்கு அடிச்சுத் தந்துடுவான், ஷிஃப்ட் விடுறதுக்குள்ள கேட்டுல கட்டிடலாம் என்றார்.

என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. கத்தினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. யாரைக் கேட்டு இதையெல்லாம் செய்கிறீர்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எங்கப்பாவுக்குக் கட்டினாங்க மேடம். ஷிஃபு சார் அம்மாவுக்குக் கட்டலன்னா நம்மள இன்னா நெனப்பாரு? ரெண்டு மாசம் கூட நின்னு வேலை கத்துக்கினு, ஒரு மரியாத தெரியாதவனுங்கன்னு நெனக்க மாட்டாரா?"

"அவருக்குத் தெரியாது," என்றேன். "அவங்க அம்மா செத்ததே அவருக்குத் தெரியாது."

சத்தம் கேட்டு வந்த அக்கா அப்படியே நின்றாள். "தெரியாதா? நீ என்னாண்ட அத்த சொல்லலையேம்மா," என்றாள்.

சொல்லவில்லை. பஸ்ஸில் அழுத அவசரத்தில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். செத்துவிட்டார் என்றேன், அவருக்குச் சொல்லக் கூடாது என்று சொல்ல விட்டுவிட்டேன். என் பாரத்தை இறக்குவதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அக்கா தன் பிரிவில் சொன்னாள், பிரிவு ஆலைக்குச் சொன்னது. எல்லோரும் இரண்டு நாளாக முறையாகத் துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் துக்கத்தைப் பற்றி வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள், அதனால்தான் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மரியாதை ஒன்றுதான் என்னை அதுவரை காப்பாற்றியிருக்கிறது.

சூப்பர்வைசர் படத்தை அழித்தார். மன்னிச்சுக்குங்க மேடம் என்றார். தப்பு செய்தவள் நான், மன்னிப்புக் கேட்டவர் அவர். அக்கா, யாரும் இனி வாய் திறக்காதபடி பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அதற்கு மேல் அவர்களைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. அடுத்த ஒன்றரை மணி நேரம் பேஜாரான நேரம். குளிர்விக்கும் தண்ணீரைப் பற்றி ஷிஃபு சொன்னதை நான் எண்ணெய் என்று மாற்றிச் சொல்லி, இயந்திரத்தை ஒரு தடவை நிறுத்த வேண்டியதாயிற்று.

பன்னிரண்டரைக்குக் கேன்டீனில் எங்கள் மேசைக்கு வந்தார். தட்டில் சாம்பார் சாதம், பக்கத்தில் தேர்வுக்கான சிறு புத்தகம். அன்றைக்கு எந்தப் பாடம் என்று நான் முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அவர் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்."

துக்கம் விசாரிக்கும் பாடம். வேறு பாடத்துக்குப் போகலாம், இது தேர்வில் வராது என்றேன். வரும், பயிற்சித் தாளில் இருக்கிறது என்றார். பிறகு வழக்கமான சண்டையை ஆரம்பித்தார். ஏன் சாரி? இவனா கொன்றான்? செய்யாத தப்புக்கு எதற்கு மன்னிப்பு? நான் ஏதோ விளக்கினேன். இங்கே சாரி என்றால் மன்னிப்பு இல்லை, உன் வருத்தம் என் வருத்தமும்தான் என்று அர்த்தம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். எப்படியாவது இந்தப் பக்கம் தாண்டினால் போதும் என்று வேகவேகமாகப் பேசினேன்.

"எங்கள் ஊரில் துயரத்தை அடக்கிக்கொள் என்போம். ஆங்கிலத்தில் சாரி. தமிழில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

"ஒன்றும் சொல்ல மாட்டோம்," என்றேன். "போய்க் கையைப் பிடித்துக்கொள்வோம்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வலது கையைப் பார்த்தார். புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேன்டீனைப் பார்த்தார். நாலு மேசை தள்ளி வார்ப்புப் பிரிவு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். அக்கா மட்டும் குனியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்போது?" என்று கேட்டார். சீனத்தில், மெதுவாக.

நான் மறுத்திருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. "திங்கட்கிழமை காலை. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது. வலி இருந்திருக்காது என்று அக்கா எழுதினார்."

அவர் மூச்சை இழுத்தார். ரொம்ப நேரம் வெளியே விடவில்லை. நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். நான்தான் தப்பு செய்தேன், சொல்லக் கூடாது என்று அக்கா கேட்டுக்கொண்டார், சொல்லாமல் இருந்ததும் தப்பு, இப்போது இப்படிச் சொன்னதும் தப்பு, என்னைத் திட்டுங்கள் என்றேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அவருக்கு இருந்த ஒரே கேள்வி, ஊரில் அக்கா தனியாக எல்லாவற்றையும் செய்தாளா, கூட யாராவது இருந்தார்களா என்பதுதான். தெரியவில்லை என்றேன். கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்து நாள் நான் என் அவஸ்தையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து கை கழுவும் குழாய்ப் பக்கம் போனார். முதுகு மட்டும்தான் தெரிந்தது, தோள் குலுங்கியது. சூப்பர்வைசர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் அவருக்கு மறைப்பாக நின்றுகொண்டார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது, கண் சிவந்திருந்தது. உட்கார்ந்து, மிச்சமிருந்த சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். சாப்பிட்டாயா என்று அக்கா கேட்பாள், அவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்றார். பிறகு என்னிடம், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றார். தம்பி நிம்மதியாக இருக்கிறான் என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வீட்டில் நிற்கிறாள், அதையும் பிடுங்கக் கூடாது என்றார்.

மணி ஒன்று. போனை எடுத்தார். நான் எழுந்தேன். இரு என்று சைகை காட்டினார். முகம் கறுப்பாகத் தெரியும்படி ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கண் சிவப்பு தெரியக் கூடாதாம்.

ஊரில் அவர் அக்கா உடனே எடுத்தார். சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன், சாம்பார் சாதம் என்றார் ஷிஃபு. அங்கே வெயிலா என்றார் அக்கா. வெயில்தான் என்றார் இவர். நீ சாப்பிட்டாயா, இளைத்த மாதிரி இருக்கிறாயே, வேளா வேளைக்குச் சாப்பிடு என்று அக்காவிடம் சொன்னார். அக்கா சிரித்தார். அதற்கு மேல் பேச்சு நின்றது. அம்மாவைப் பற்றிக் கேட்காமல் போனை வைத்தால் அக்காவுக்குச் சந்தேகம் வரும். அது எனக்கே தெரிந்தது.

"அம்மா எங்கே?" என்று கேட்டார்.

அக்கா ஒரு நொடி திரையை விட்டு முகத்தைத் திருப்பினார். "இப்போதுதான் படுத்தாள். தூங்குகிறாள்."

"சரி அக்கா," என்றார் ஷிஃபு. "தூங்கட்டும். எழுப்ப வேண்டாம்."